அழைப்புக்குக் காத்திருப்போர்

போடிநாயக்கனூரில் விடியற்காலைத் திருப்பலிக்கு மணி அடிக்கும் முன்பே ஜீப்புகளின் ஓசை எழுந்துவிடும். ஏலக்காய் எடுப்புக் காலத்தில், அதாவது ஆடி ஆவணியில் தொடங்கித் தை மாசி வரையில், தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் தெருமுனைகளில் கூடி நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். முந்தலைக் கடந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் காய் எடுத்து, மாலையில் அதே வளைவுகளில் இறங்கி வீடு சேர்பவர்கள் இவர்கள்.

இவர்களுள் சிலருக்கு அன்று வேலை உண்டா இல்லையா என்பது ஜீப் வந்து நின்ற பிறகே தெரியும். யாராவது வராமற்போனால் அந்த இடத்தில் ஏறிக்கொள்ளலாம். எல்லாரும் வந்துவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதுதான். அவ்வாறு திரும்பிய ஒரு தாய், திருப்பலி முடிந்தபின் நம்மிடம் கேட்டார்: "கூலி இல்லேன்னாக்கூடப் பரவாயில்ல சாமி. மூணு மணிக்கு எந்திரிச்சுச் சோறாக்கி வந்து நின்ன பொழுது யாரு கணக்குல போகும்?" அன்று நாம் விடை ஏதும் சொல்லவில்லை. 2025 டிசம்பரில் செய்தித்தாளைப் பிரித்தபோது அக்கேள்வி வேறோர் உருவில் நம்மை எதிர்கொண்டது. இம்முறை கேட்டவர்கள் விமானிகள்.

அந்த மாதத் தொடக்கத்தில் நாட்டில் நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நம் நாட்டு உள்நாட்டு விமானப் பயணிகளுள் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் சென்றுவந்த இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் கூட்டங்கூட்டமாக நின்றுபோயின. டிசம்பர் 3 முதல் 5 வரையிலான மூன்றே நாட்களில் 2,507 விமானங்கள் ரத்தாயின. 1,852 விமானங்கள் தாமதமாயின. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அல்லலுற்றனர். திருமணத்துக்குப் புறப்பட்டவர்களும் இறுதிச் சடங்குக்கு விரைந்தவர்களும் பெட்டிகளின்மேல் தலைசாய்த்துத் தரையில் உறங்கினார்கள்.

இயந்திரக் கோளாறோ புயலோ இதற்குக் காரணமல்ல. விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதிகளே உடனடிக் காரணமாகச் சொல்லப்பட்டன. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. நள்ளிரவுக்குப் பின் விமானத்தைத் தரையிறக்கும் தடவைகள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. விமானிகளின் சங்கங்கள் நெடுநாளாக வற்புறுத்தி, தில்லி உயர்நீதிமன்றம் வரை கொண்டுசென்ற கோரிக்கைகள் இவை. விதிகள் வெளியிடப்பட்டது 2024 ஜனவரியில். பின்னர் ஒத்திவைக்கப்பட்டு, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. ஓய்வு கூடினால் அதே எண்ணிக்கை விமானங்களை ஓட்டக் கூடுதல் ஆட்கள் வேண்டும். இதை அறியப் பெரிய கணக்குப் புலமை தேவையில்லை.

இங்கே விமானப் பணியின் ஒரு வழக்கத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். விமானிக்கு, இன்ன நாளில் இன்ன ஊருக்கு என்று குறிக்கப்பட்ட பணி ஒரு வகை. மற்றொன்று காத்திருப்புப் பணி. ஒருவருக்குக் காய்ச்சல் கண்டாலும், மூடுபனியால் ஒரு விமானம் தாமதித்து அதன் விமானியின் பணி நேரம் முடிந்துபோனாலும், அந்த இடத்தை நிரப்ப ஒருவர் தயாராக இருக்க வேண்டுமல்லவா? அதற்கென்றே சிலர் காத்திருப்பில் வைக்கப்படுகிறார்கள். விமான நிலையத்திலோ வீட்டிலோ அவர் இருப்பார். தொலைபேசி ஒலித்தால் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தொலைவு செல்லலாகாது, மது அருந்தலாகாது, பிள்ளையின் பள்ளி விழாவுக்கு வருகிறேன் என்று வாக்களிக்கலாகாது. அழைப்பு மாலையில் வருமா, நள்ளிரவில் வருமா என்று தெரியாதபோது எப்பொழுது உறங்குவது என்பதும் தெரியாது.

அழைப்பு வராமலே அந்நாள் கழிந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது விடுமுறைபோலத் தோன்றும். அவருடைய மனைவி மக்களுக்கோ அப்பா வீட்டில் இருந்தும் இல்லாத நாள் அது. பல நாடுகளில் பணிமூப்புக் குறைந்தவர்களுக்கே இத்தகைய நாட்கள் மிகுதியாக வாய்க்கின்றன. போதிய ஆட்கள் இல்லாத இடத்திலோ காத்திருப்போரும் அன்றாடப் பணிக்கே இழுக்கப்படுகிறார்கள். அதன்பின் ஓய்விலிருப்பவரின் தொலைபேசியும் ஒலிக்கத் தொடங்குகிறது. விமானிகளின் மனக்குறை ஊதியத்தைப் பற்றியது மட்டுமன்று. தம்முடைய பொழுது தமக்கு உரியதா, பிறருக்கு உரியதா என்பதே அவர்கள் கேட்பது.

இது ஒரு குடும்பத்தின் துயரத்தோடு முடிவதில்லை. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூர் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. அதிலிருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர். தலைமை விமானி பறக்கும்போது நெடுநேரம் உறங்கியிருந்தார் என்பதையும், விழித்தபின் நீடித்த உறக்கக் கலக்கம் அவருடைய முடிவுகளைப் பாதித்திருக்கலாம் என்பதையும் விசாரணை அறிக்கை எடுத்துக்காட்டியது. இறந்தவரைக் குறைகூற இதை நாம் எழுதவில்லை. திறமையும் பட்டறிவும் மிக்கவரைக்கூட உறக்கக் கலக்கம் என்ன செய்யும் என்பதற்காகவே சொல்கிறோம்.

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஒரு தலைமை விமானியை உருவாக்கப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் தேவை. சும்மா இருப்பவருக்கும் ஊதியம் அளித்தால் அச்செலவு பயணச்சீட்டின்மேல்தான் ஏறும். கட்டணம் குறைந்திருப்பதால்தான் தொலைவில் உழைக்கும் நம் பிள்ளைகள் பலர் ஆண்டுக்கொருமுறையேனும் வீடு வந்து போகிறார்கள். இவையெல்லாம் உண்மையே.

ஆயினும், விதி வெளியானதற்கும் முழுமையாக நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே 22 மாதங்கள் இருந்தன. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விசாரணை நடத்தி, 2026 ஜனவரியில் அந்நிறுவனத்துக்கு 22 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஆட்களையும் விமானங்களையும் இயன்ற மட்டும் பயன்படுத்துவதிலேயே கருத்தாயிருந்து, நெருக்கடிக்கென்று இருக்கவேண்டிய இடைவெளியைச் சுருக்கிவிட்டார்கள் என்பது விசாரணையின் முடிவுகளுள் ஒன்று. ஆனால் நெருக்கடி முற்றிய வேளையில் உடனடியாகத் தளர்த்தப்பட்டது எது? விமானிகளின் இரவுப் பணி விதிகளே! 2026 பிப்ரவரி 10 வரை அவற்றிலிருந்து நிறுவனத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மாற்று ஆட்களைச் சேமித்து வைக்காதவர்கள், உழைப்பவருடைய உறக்கத்தையே சேமிப்பாக எண்ணிச் செலவழிக்கிறார்கள். இதுவே நாம் சொல்ல விரும்புவது.

மலைக்குத் திரும்புவோம். தோட்டத்து ஸ்டோரில் பச்சைக்காய் உலர ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். சூடு மிகாமலும் குறையாமலும் காக்க இரவெல்லாம் ஒருவர் விழித்திருக்க வேண்டும். சூடு தவறினால் காயின் பச்சை நிறம் கெட்டு, போடி ஏலத்தில் விலை இறங்கும். நட்டம் அன்றே கண்ணுக்குத் தெரியும். விழித்திருந்தவனின் உடல் கெட்டால் அது எந்த ஏலத்திலும் தெரிவதில்லை. இரவு முழுதும் திருமணச் சவாரி ஓட்டிய ஜீப் ஓட்டுநர், ஆள் இல்லையென்று விடியலில் மீண்டும் அழைக்கப்பட்டால், பதினேழு வளைவுகளும் அவருக்காகக் கண்விழிக்குமா?

பிறரைச் சுட்டும் நம் விரல் நம்மையும் சுட்டுகிறது. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் கோவில்பிள்ளை ஒருவரே இருந்தார். திருப்பலி, அடக்கம், நோயில்பூசுதல் என்று எந்நேரம் அழைத்தாலும் வந்து நிற்பார். வேலையில்லாத பகற்பொழுதுகளைக் காட்டி, அவருக்கு ஓய்வுக்குக் குறைவில்லை என்று நாம் எண்ணியிருந்தோம். ஒருநாள் அவருடைய மகள், "எங்கப்பா என்னைக்காவது ஒரு நாள் ஊருக்குப் போகலாமா சாமி?" என்று வந்து கேட்டாள். மூன்று ஆண்டுகளாக அவர் தம் உடன்பிறந்தாரின் ஊருக்குக்கூடச் சென்றதில்லை என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. அவர் கேட்காததை நாம் மனநிறைவு என்று நினைத்திருந்தோம்! அடுத்த வாரமே இளைஞர் ஒருவரை உடன் பழக்கினோம். பங்குக் கணக்கில் ஒரு சிறு செலவு கூடியது. ஒரு குடும்பத்துக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைத்தது.

ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனுக்கு மட்டும் தரப்பட்டதன்று. வேலைக்காரனும் வேலைக்காரியும், மாடும் கழுதையுங்கூட இளைப்பாற வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல். உழைப்பவரின் ஓய்வு உரிமையை 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரும், 1981இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலும் தம் சுற்றுமடல்களில் வலியுறுத்தினார்கள். மணமகனை எதிர்கொள்ளச் சென்ற முன்மதியுடைய கன்னியர் கூடுதலாக எடுத்துச் சென்ற எண்ணெயை வீண்செலவு என்று எவரும் சொல்வதில்லை.

எனவே நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் பையன் வைத்திருப்போர், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்போர், தோட்டத்துக்கு ஆள் கூட்டிச் செல்வோர் நம்மிடையே பலர் உண்டு. நாளைக்கு வேலை உண்டா என்பதை முன்னிரவிலேயே சொல்லிவிடுங்கள். காக்கவைத்துத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், ஒரு பகுதிக் கூலியையாவது கொடுங்கள். ஓய்வுநாள் என்று சொன்ன நாளில் அழைக்காதீர்கள். மலை ஏறுமுன் ஓட்டுநரிடம், "நேற்று இரவு உறங்கினீர்களா?" என்று கேளுங்கள், இல்லை என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

அந்தத் தாயின் கேள்விக்கு இப்போது நம்மால் விடை சொல்ல முடியும். மூன்று மணிக்கு எழுந்து வந்து அவர் நின்ற பொழுது, அவரை நிற்கவைத்தவர்களின் கணக்கில்தான் போக வேண்டும்.