கேள்விக்கும் விடைக்கும் நடுவில்

பி.எட். தேர்வுக்கு நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த வரிசை: அமைப்புவாதம், நடத்தைவாதம், கெஸ்டால்ட், அறிதல் உளவியல். இவை அனைத்தும் ஒரே கேள்வியைச் சுற்றியவைதான். மனத்திற்குள் நடப்பதை எப்படி அறிவது?

1879இல் லைப்சிக் நகரில் ஆய்வகம் தொடங்கிய வுண்ட், பயிற்சி பெற்றவர்களைத் தம் அனுபவத்தைத் தாமே கவனித்துச் சொல்ல வைத்தார். ஆளுக்கு ஆள் மாறும் இதை எப்படிச் சரிபார்ப்பது என்று 1913இல் வாட்சன் எதிர்த்தார்; கண்ணுக்குத் தெரியும் நடத்தை மட்டுமே அறிவியல் என்றார். ஸ்கின்னரின் வலுவூட்டல் இவ்வழியில் வந்ததே. வாய்ப்பாட்டுக்கும் எழுத்துப் பயிற்சிக்கும் அது இன்றும் உதவுகிறது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கோலரின் சிம்பன்சிகள் குச்சியோடு குச்சியைப் பொருத்திப் பழத்தை எடுத்தன. டால்மனின் எலிகள் பாதையின் வரைபடத்தை மனத்தில் வைத்திருந்தன. உள்ளே ஏதோ நடக்கிறது! 1967இல் நைசரின் நூல் ‘அறிதல் உளவியல்’ என்ற பெயரை நிலைநிறுத்தியது. தகவலை எப்படிப் பெறுகிறோம், வைத்திருக்கிறோம், மாற்றுகிறோம் என்பதே அதன் கேள்வி.

அனுமந்தையில் இதன் பொருள் என்ன? மழைக்காலத்தில் உப்பள வேலை நின்றுவிட்டால் பல வீடுகளில் அம்மாவின் மீன்கூடைதான் வருமானம். விடுமுறையில் கூடையருகே உட்காரும் என் மாணவி ஒருத்தி, கிலோ 180 ரூபாய் என்றால் ஒன்றேகால் கிலோவுக்கு, “நூத்தி எண்பது, காலுக்கு நாப்பத்தஞ்சு, இருநூத்தி இருபத்தஞ்சு சார்” என்பாள். கரும்பலகையில் 180 × 1.25 என்று எழுதினால் பேச்சே வராது. பதிவேட்டில் அவள் ‘மெல்லக் கற்பவர்’.

விடையை மட்டும் திருத்தினால் ஒன்று சரி, மற்றொன்று தவறு, அவ்வளவுதான். நடுவில் நடப்பதைக் கேட்டால் கதை வேறு. சந்தையில் அவள் எடையைப் பிரித்துக் கூட்டுகிறாள். பலகையில் இலக்கம், மீதி, தசமப்புள்ளி என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நினைவில் தாங்க வேண்டியிருக்கிறது. எனவே அவள் சொன்னதையே 180 × 1 + 180 × ¼ என்று எழுதி, அதன் கீழே ¼ = 0.25 என்று சேர்த்தேன்.

இது எங்கள் ஊர்ச் செய்தி மட்டுமல்ல. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் விற்கும் சிறார்கள் விற்பனைக் கணக்கில் சுமார் 98% சரியாகச் சொன்னார்கள். அதே கணக்கு வெறும் எண்களாக வந்தபோது 37% தான். 1985இல் வெளியான ஆய்வு அது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் நடந்து 2025இல் வெளிவந்த ஆய்வும் இதையே கண்டது. அதில் மறுபக்கமும் உண்டு: சந்தைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். அதனால் இப்போது என் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவர்களுக்கும் மீன் விலைக் கணக்கு உண்டு, தாளும் பேனாவும் இல்லாமல்.