மின்சாரம் போனாலும் மறக்காது!

கற்கண்டு முறையில் ஓர் அதிசய நினைவு

கம்ப்யூட்டருக்கு இரண்டு வகை நினைவுகள் உண்டு. ஒன்று வெகு வேகமானது. ஆனால் மின்சாரம் நின்றதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். மற்றொன்று மறக்காது, ஆனால் மெதுவானது.

கடைக் கணக்குப்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். கையில் சிலேட்டு இருக்கிறது. சட்டென்று எழுதலாம், சட்டென்று அழிந்தும் போகும். அலமாரியில் பேரேடு இருக்கிறது. அது அழியாது. ஆனால் எழுந்து போய் எடுத்துப் புரட்ட வேண்டும்.

சிலேட்டின் வேகமும் பேரேட்டின் உறுதியும் ஒன்றாகச் சேர்ந்த நினைவு கிடைக்காதா? இதற்காக விஞ்ஞானிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டு வருகிறார்கள்.

பழைய இரும்பு வியாபாரியின் மகன்

அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் ஓவ்ஷின்ஸ்கி என்று ஒருவர் இருந்தார். 1922-ல் ஏக்ரன் நகரில் பிறந்தவர். தந்தை பழைய இரும்பு சேகரித்து விற்றவர். மகன் கல்லூரிப் பட்டம் பெறாதவர்; பட்டறைத் தொழிலாளி. 1960-ல் மனைவி ஐரிஸுடன் சேர்ந்து சொந்தமாக ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார்.

1968-ல் அவர் ஒரு புதுமையை வெளியிட்டார். கண்ணாடி போன்ற சில பொருள்களில் மின்சாரம் பாய்ச்சினால் அவற்றின் தன்மை மாறுகிறது; மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பவும் முடிகிறது என்று காட்டினார்.

அது எப்படி? சர்க்கரைப் பாகை மெல்ல ஆறவிட்டால் கற்கண்டு விளையும். சட்டென்று ஆறினால் கண்ணாடி போன்ற மிட்டாய் ஆகும். சர்க்கரை ஒன்றுதான், உள்ளே துகள்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு.

இங்கே சர்க்கரைக்குப் பதில் ஜெர்மானியம், ஆன்டிமனி, டெல்லூரியம் கலந்த பொருள். 'கற்கண்டு' நிலையில் மின்சாரம் எளிதாகப் பாயும். அது 'ஒன்று'. 'மிட்டாய்' நிலையில் தடைப்படும். அது 'பூஜ்யம்'. கம்ப்யூட்டர் அறிந்தவை இந்த இரண்டுதான். மின்சாரம் நின்றாலும் கற்கண்டு கற்கண்டாகவே இருக்கும். ஆகவே மறதி இல்லை!

1970-லேயே இம்முறையில் ஒரு சில்லு செய்து காட்டினார்கள். அதில் அடங்கியவை 256 ஒன்று-பூஜ்யங்களே. பின்னர், திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சி.டி. தட்டுகளிலும் இந்த வகைப் பொருள் பயன்பட்டது.

குதிரை வேகம், வண்டி மெதுவு

கலிபோர்னியாவில், சான் டீகோ சர்வகலாசாலையில் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்வான்சனும் மாணவர்களும் 2011-ல் இந்த நினைவைக் கொண்டு ஒரு சேமிப்புக் கருவி செய்து காட்டினார்கள். பெயர் 'மோனேட்டா'.

நம் பென் டிரைவில் இருப்பது 'பிளாஷ்' நினைவு. அதில் சிறிது மாற்ற வேண்டுமானாலும் ஒரு பெரும் பகுதியை அழித்த பிறகே எழுத முடியும். புதிய நினைவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் ஆராய்ச்சியில் வேறொரு தடை தென்பட்டது. சுழலும் பழைய தட்டு, ஒரு தகவலைத் தேடி எடுக்க ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் எடுக்கும். அதற்காக எழுதப்பட்ட புரோகிராம்கள் சாவதானமாக வேலை செய்தாலும் தெரியவில்லை. புதிய கருவி வந்ததும் அந்தத் தாமதமே பெரிதாகிவிட்டது! கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி ஒழுங்கு செய்யும் படியை நீக்கினார்கள். வேகம் கூடியது.

விலை வைத்த முற்றுப்புள்ளி

2015-ல் இன்டெல், மைக்ரான் கம்பெனிகள் ஒரு புதிய நினைவை அறிவித்தன. சில்லைப் பிரித்துப் பார்த்த நிபுணர்கள், இது ஓவ்ஷின்ஸ்கி முறையின் குடும்பத்தைச் சேர்ந்ததே என்றனர். 2017-ல் 'ஆப்டேன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதைக் காண ஓவ்ஷின்ஸ்கி இல்லை, 2012-லேயே காலமாகிவிட்டார்.

வேகம் இருந்தது. ஆனால் பிளாஷை விட விலை அதிகம். பிளாஷோ மேலும் மேலும் மலிந்தது. 2021-ல் மைக்ரான் விலகியது. 2022-ல் இன்டெலும் கைவிட்டது. தேங்கிய சரக்கின் வகையில் அந்தக் கம்பெனி கணக்கில் தள்ளிய நஷ்டம் 55 கோடியே 90 லட்சம் டாலர்!

அத்தனை உழைப்பும் வீணா? இல்லை. மோட்டார் கார்களுக்கான சில சில்லுகளில் இந்த நினைவு இன்று இடம்பெறுகிறது. சுற்றுவழியின்றி நேரே தகவலை எடுக்கும் புரோகிராம் முறைகள், வேகமான பிளாஷ் கருவிகளுக்கும் உதவுகின்றன.

ஒரு புதுப்பொருள் வேகமாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சுற்றியுள்ள வேலைமுறையும் மாற வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும். இதை உணர்ந்தே, சிலேட்டையும் பேரேட்டையும் ஒன்றாக்கும் முயற்சியை விஞ்ஞானிகள் தொடர்ந்து நடத்துகிறார்கள்.