குகைக்குள் ஒரு பச்சை நோய்

ஒளியின்றிச் செடி வளராது என்று வகுப்பில் படித்திருக்கிறோம். அப்படியானால், சூரியனின் ஒரு கதிர்கூட எட்டாத ஆழ்குகைகளில் பாசியும் பெரணியும் பச்சைப்பசேலென்று வளர்ந்திருக்கின்றனவே, எப்படி? சுற்றுலாப் பயணிகளுக்காக மாட்டிய மின்விளக்குதான் அங்கே சூரியன்!

கண்ணுக்குத் தெரியாத நுண்வித்துகள் காற்றிலும் கசியும் நீரிலும் மட்டுமல்ல, நம் காலணியிலும் ஆடையிலும் ஒட்டிக்கொண்டு குகைக்குள் போய்விடுகின்றன. விளக்கு எரியத் தொடங்கியதும் ஈரப்பாறையில் பச்சைச் சாயம் பூசினாற்போல் முதலில் ஒருசெல் பாசி படர்கிறது. பிறகு வெல்வெட் போன்ற மாஸ். நாளடைவில் விளக்கருகே சின்னஞ்சிறு பெரணிகள். முதன்முதலில் இதைப் படத்தில் பார்த்தபோது, "அடடா, குகைக்குள் பூங்கா!" என்றுதான் நானும் எண்ணினேன்.

ஆனால் தோழியரே, லாஸ்கோ குகையின் கதையைக் கேளுங்கள். பிரான்சு நாட்டின் தென்மேற்கில் உள்ள இக்குகையை 1940-ஆம் ஆண்டு செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். சுவரெங்கும் காளைகள், குதிரைகள், மான்கள்! ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்டவை. தீட்டியவர்களிடமும் விளக்கு இருந்தது. கல்லைக் குடைந்து, விலங்குக் கொழுப்பை இட்டு எரித்த சிறு விளக்கு. வேலை முடிந்ததும் இருள் திரும்பிவிட்டது. அதனால் ஓவியங்களுக்குக் கேடில்லை.

1948-இல் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மின்விளக்குகள் எரிந்தன. நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேலும் வந்ததுண்டு. அத்தனை பேரின் மூச்சும் குகைக்குள் வெப்பத்தையும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் கூட்டியது. 1960 வாக்கில் சுவரில் பச்சைப் புள்ளிகள் தோன்றின. அதற்குப் 'பச்சை நோய்' என்றே பெயரிட்டார்கள். 1963-இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்திரே மால்ரோ குகையை மூடச் செய்தார். பார்மலின் தெளித்துப் பாசியை அடக்கினார்கள். எனினும் 2001-இல் வெண்பூஞ்சை வேறு கிளம்பியது!

தேய்த்துக் கழுவினால் என்ன என்று கேட்பீர்கள். தேய்த்தால் ஓவியத்தின் வண்ணமும் சேர்ந்து போகும். ஓவியமில்லாத குகைகளிலும் சிக்கல்தான்: பாசியிலிருந்து ஊறும் அமிலம் சுண்ணாம்புப் பாறையை அரிக்கிறது, அதைக் கொல்லச் சலவைத்தூள் நீர் தெளித்தால், குகையிலேயே வாழும் நுண்ணிய பூச்சிகளும் சேர்ந்து மடிகின்றன. ஆகவே இன்று பல குகைகளில் ஆட்கள் நிற்கும் வேளையில் மட்டும் விளக்கு எரிகிறது. பச்சையம் சிவப்பு, நீல ஒளியையே மிகுதியாக உறிஞ்சும். அதனால் மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. விளக்குகளையும் பொருத்துகிறார்கள்.

லாஸ்கோவுக்குச் செல்வோர் இன்று காண்பது, அருகிலேயே அமைத்த மாதிரிக் குகைகளை. முதலாவது 1983-இலும், பெரியது 2016-இலும் திறக்கப்பட்டன. உண்மைக் குகை இருட்டில் இருக்கிறது.