கையேட்டைத் திருத்தும் கடமை

ஒரே நிரலை விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூவகைக் கணினிகளிலும் சாளரமும் பொத்தானுமாகத் தோன்றச் செய்வது, 1992இல் எடின்பரோ சர்வகலாசாலையில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் போன்ற நிரல் தொகுப்புகளின் சிறப்பு.

2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் என்று வெளிவந்த ஆப்பிளின் இயங்குதளம், 2012இல் ஓஎஸ் எக்ஸ் என்றும், 2016இல் மேக்ஓஎஸ் என்றும் நாமம் மாறியமையால், அத்தொகுப்புகளின் கையேடுகளையும் திருத்துவது அவசியமாயிற்று. காலாவதியான விண்டோஸ் பதிப்புகளைப் பற்றிய எச்சரிக்கைகளை நீக்கவேண்டும். ஆனால், நிரலுக்குள் வழங்கும் பழைய குறிப்பெயர்களை மாற்றினால் முன்னர் எழுதப்பட்ட நிரல்கள் இயங்காமற்போகுமாதலால், அவற்றைத் தொடலாகாது.

மணல்திட்டு இடம்பெயர்ந்த பின்னும் திருத்தப்படாத கடல்வரைபடம் மாலுமியை மயக்குவதுபோல், பழைய கையேடும் கற்பவரை மயக்கும். திரேஸ்புரம் என்னும் ஊரில் ஆசானின்றித் தனித்துப் பயிலும் மாணவிக்கு அக்கையேடே ஆசானாதலால், அதனைச் சிரத்தையுடன் செம்மை செய்வோர் உண்மையில் வித்தியாதானமே செய்கின்றனர்.