ஒற்றை உடல் படகா, கேட்டமரானா?

புணேயின் லோஹேகாவில் இருந்துகொண்டு பாய்மரப் படகை மாற்ற நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது: ஓட்டப்போவது கடக்வாஸ்லா ஏரியிலா, கொங்கண் கரையோரமா, நடுக்கடலிலா?

இரட்டை உடல் கொண்ட கேட்டமரானைச் சாயாமல் காப்பது அதன் அகலம். காற்றுக்கு மறுபக்க உடல் அழுந்தித் தாங்குவதால், தட்டில் வைத்த தேநீர்கூடச் சிந்தாது. ஆனால் காற்றுப்பக்க உடல் நீரைவிட்டு எழும்போதே அந்தத் தாங்குசக்தி உச்சத்தைத் தொட்டுவிடும். மேலும் சாயச் சாயக் குறையும். கவிழ்ந்தால் தலைகீழாகவே கிடக்கும்.

ஒற்றை உடல் படகு எளிதில் சாயும். சாய்ந்ததும் பாயிலிருந்து காற்று நழுவும். அடியிலுள்ள கனமான கீல் படகை நிமிர்த்தும். 2018 செப்டம்பரில், தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் தனியே சென்ற மாலுமி அபிலாஷ் டோமியின் ஒற்றை உடல் படகு ‘துரியா’ முழுதாக உருண்டது. பாய்மரம் முறிந்தது, அவர் முதுகெலும்பில் பலத்த காயம். படகோ நிமிர்ந்தே மிதந்தது.

குடும்பத்தோடு கரையோரம் போக கேட்டமரான் நல்லது. தனியே தென்கடலுக்கா? ஒற்றை உடல் படகை மாற்றாதீர்கள்.