சொல்லிக் கொடுப்பதற்கு என்ன கட்டணம்?

கல்விச் செல்வம் கொடுக்கக் கொடுக்கக் குறையாது என்பர் பெரியோர். அது முற்றிலும் உண்மை. ஆனால் கொடுப்பவரின் நேரம் குறையும், தொண்டை வறளும், வீட்டு மின்கட்டணம் ஏறும். இவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டுமன்றோ?

நம் பள்ளியில் பயின்ற மாணவியருள் பலர், கல்லூரியில் படிக்கும்போதோ திருமணத்திற்குப் பின்னரோ, மாலை வேளையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்கின்றனர். பள்ளி ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது. ஆதலின் இக்கட்டுரை, பள்ளிப் பணியில் இல்லாத பெண்களுக்கும், நாளை அவ்வாறு பாடம் சொல்லப் போகும் மாணவியருக்கும் உரியது.

பழைய மாணவியாகிய நான் இவ்வேலையைத் தொடங்கியபோது, "எவ்வளவு தர வேண்டும்?" என்று கேட்ட தாய்மாரிடம், "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், அக்கா" என்றேன். அதைப் பணிவு என்று எண்ணினேன். ஒருவர் ஐந்நூறு கொடுத்தார். ஒருவர் இருநூறு கொடுத்தார். வசதியுள்ள ஒரு வீட்டிலிருந்து தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு வந்தது. நான் எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த முறுக்கு வீட்டுக் குழந்தையின் நோட்டை எப்போதும் கடைசியாகவே திருத்தினேன். ஒரு நாள் அதை நானே உணர்ந்தபோது வெட்கித் தலை குனிந்தேன். குழந்தை செய்த குற்றம் என்ன?

அன்று ஓர் உண்மை விளங்கியது. கட்டணத்தைச் சொல்லாமல் விட்டால், அது மனக்குறையாக மாறிக் குழந்தையின் மீது இறங்கிவிடுகிறது.

கணக்கிடும் முறை

முதலில் வகுப்பு நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள். நாளொன்றுக்கு ஒன்றேகால் மணி வீதம் 24 நாட்களுக்கு 30 மணி நேரம் ஆகிறது. பாடம் ஆயத்தம் செய்யவும் நோட்டுத் திருத்தவும் 10 மணி. ஆக மொத்தம் 40 மணி. இந்நேரத்தில் தையலோ தட்டச்சோ செய்தால் உங்கள் ஊரில் என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். மணிக்கு ரூ. 150 எனக் கொள்வோம். 40 மணிக்கு ரூ. 6,000. விளக்கு, தாள், சாக்பீஸ் செலவு ரூ. 400. கூட்டினால் ரூ. 6,400. பிள்ளைகள் எண்மர் எனில், தலைக்கு ரூ. 800. இதுவே நியாயமான கட்டணம். உங்கள் தெருவில் அது தாங்காது எனில், பத்துப் பேர் கொண்ட வகுப்பாக்கினால் ரூ. 640 ஆகக் குறையும்.

எண்மரில் இருவர் ஏழைப் பிள்ளைகள் எனில் என்ன செய்வது? அவர்களிடம் வாங்க வேண்டாம். ஆனால் அதற்காக மற்ற அறுவரின் கட்டணத்தை உயர்த்துவது முறையன்று. பிறர் பணத்தில் செய்வது தருமம் ஆகாது. மாதம் ரூ. 1,600 நான் கொடுக்கிறேன் என்று தெரிந்தே கொடுங்கள். அளவு தெரிந்து மனமுவந்து கொடுத்தால் பின்னர் முணுமுணுப்பு எழாது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பொருள் பெறாமல் பாடம் சொன்னதோடு மாணாக்கருக்கு உணவும் அளித்தார். ஆயினும் அவருக்குத் திருவாவடுதுறை ஆதீனம் முதலிய புரவலரின் ஆதரவு இருந்தது. இலவசமாகக் கற்பிக்கும் இடத்திலும் யாரோ ஒருவர் செலவை ஏற்கிறார் என்பது இதனால் தெளிவாகும்.

யாரைச் சேர்ப்பது?

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதையும் பேசுகிறது. பாடம் கேட்கத் தகுந்தவருள் வழிபட்டு நிற்பவனையும், சொன்னதை எளிதில் கொள்பவனையும் கூறும் அந்நூல், பொருளை மிகுதியாகக் கொடுப்பவனையும் உடன் சேர்த்தே கூறுகிறது! தகாதவர் பட்டியலில் சோம்பேறி, செருக்குடையவன், தூங்குபவன் ஆகியோருடன் மந்த புத்தியுள்ளவனையும் வைக்கிறது. இக்கடைசி ஒன்றை மட்டும் நாம் ஏற்க வேண்டியதில்லை. டியூஷன் தேடி வருவோர் பெரும்பாலும் மெதுவாகக் கற்கும் பிள்ளைகளே.

நாம் பார்க்க வேண்டியது வேறு: இக்குழந்தைக்குத் தேவையானது நம்மிடம் உள்ளதா? "எல்லா வகுப்பும், எல்லாப் பாடமும்" என்று பலகை மாட்டாதீர்கள். "எட்டாம் வகுப்பு வரை கணக்கு" என்று எழுதினால் உரியவர் தாமே வருவர். சேர்க்குமுன் பழைய நோட்டைப் பாருங்கள். ஒரு வாரம் பழகிப் பாருங்கள். ஒரு சிறுமி, கரும்பலகையில் உள்ள எண்களையே தவறாக எழுதி வந்தாள். அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. கண் சரியாகத் தெரியவில்லை. கண் மருத்துவரிடம் அனுப்பினேன். கண்ணாடி போட்டபின் அவளுக்கு டியூஷன் தேவைப்படவில்லை. ஆனால் அவள் தாயின் சொல்லைக் கேட்டு மூன்று பிள்ளைகள் வந்து சேர்ந்தனர்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

கட்டணம், செலுத்தும் தேதி, விடுமுறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள். மதிப்பெண்ணுக்கு உறுதி கொடாதீர்கள். 50 மாணவருக்கு மேற்பட்ட பயிற்சி மையங்களுக்கு மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகளும் அத்தகைய உறுதிமொழியைத் தடுக்கின்றன; முழுக் கட்டணம் செலுத்தியவர் இடையில் விலகினால், எஞ்சிய நாட்களுக்குரிய தொகையை 10 நாட்களுக்குள் திருப்பித் தரவும் சொல்கின்றன. நம் வீட்டுத் திண்ணைக்கு அவை பொருந்தாவிடினும், நல்ல வழக்கத்தைப் பின்பற்றுவதில் தவறில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பாடம் சொல்லும் பெண் தன் கட்டணத்தைக் கேட்கக் கூசுவாள். அவள் கேட்குமுன் கொடுத்துவிடுங்கள். இயலாவிடில் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அருமை மாணவியரே, நாளை உங்களைத் தேடி ஒரு குழந்தை நோட்டும் பென்சிலுமாக வந்து நின்றால், அதன் பெற்றோரிடம் பேச வேண்டியதை முதல் நாளே தெளிவாகப் பேசிவிடுங்கள். பின்னர் அந்தப் பேச்சை மறந்துவிடலாம். கொடுத்தவர், கொடாதவர் என்ற வேறுபாடின்றி, எந்த நோட்டு மேலே இருக்கிறதோ அதை முதலில் எடுத்துத் திருத்தலாம்.