துயில்வோர்க்கு இழைக்கும் தீங்கு: கல்லறைச் சிதைப்பும் சட்டத்தின் தண்டனையும்

வாழுங்காலத்து மனிதனுக்கு வழங்கும் மதிப்பை அவன் மறைந்த பின்னும் வழங்குதல் நாகரிகத்தின் அடையாளமாகும். உயிரோடிருப்பவன் தன்னைத் தாக்க வருவோனை எதிர்க்கலாம், முறையிடலாம். மண்ணில் துயில்பவனுக்கோ குரல் இல்லை. ஆதலின் அவன் சார்பில் பேசும் கடமை சமுதாயத்துக்கும் சட்டத்துக்கும் உரியதாகிறது. அடக்கத்தலங்களைச் சிதைப்போர்க்கு நம் நாட்டுச் சட்டம் விதிக்கும் தண்டனைகள் யாவை, அவற்றை நாம் எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மண்ணும் மரபும்

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரத்தை அடுத்துள்ள பிரம்மதேசம் சோழர்காலக் கோயில்களால் சிறப்புற்ற ஊர். திண்டிவனத்தை அடுத்த மரக்காணம் பகுதியிலும், செய்யாற்றுப் பகுதியிலும் இதே பெயருடைய ஊர்கள் உள. பிரமதேயம் என்னும் கொடைநிலப் பெயரே இவ்வாறு மருவிற்று. இவற்றுள் செய்யாற்றுப் பிரம்மதேசத்துக் கல்வெட்டு நம் பொருளுக்கு நெருங்கியது. முதலாம் இராசேந்திர சோழன் மறைந்தபோது அவன் தேவியருள் ஒருத்தியான வீரமாதேவி உடன் உயிர்நீத்ததையும், அவள் நினைவாக உடன்பிறந்தான் தண்ணீர்ப் பந்தல் அமைத்ததையும் அது கூறுகிறது. மறைந்தோர் நினைவை வழிப்போக்கரின் தாகம் தீர்க்கும் அறமாக்கியது அக்காலம்.

முதுமக்கள் தாழியும், கற்பதுக்கையும், நடுகல்லும், பள்ளிப்படையும் தமிழர் தம் முன்னோரைப் போற்றிய சான்றுகள். செஞ்சியில் 1714ஆம் ஆண்டுப் போரில் தேசிங்குராசனும் அவன் முஸ்லிம் நண்பன் மோவத்துக்கானும் வீழ்ந்தனர் என்பது வழிவழிச் செய்தி. அவ்விருவர் நட்பை இன்றும் சமயவேறுபாடின்றி மக்கள் நினைவுகூர்கின்றனர். யூதர் ஒருவரின் பிரேதம் தம்மைக் கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள் என்பது நாம் அறிந்த வரலாறு. இடுகாடாயினும், மையவாடியாயினும், கல்லறைத் தோட்டமாயினும் மதிப்பு ஒன்றே என்னும் உண்மையை இவை உணர்த்துகின்றன.

சட்டம் கூறுவது

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 297ஆம் பிரிவில் இக்குற்றத்தை வரையறுத்தது. 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின், அதன் 301ஆம் பிரிவு அவ்விடத்தைப் பெற்றுள்ளது. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்கள் பழைய பிரிவின்படியே விசாரிக்கப்படும்.

ஒருவரின் உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடோ, ஒரு சமயத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடோ, அவ்வாறு நேரும் என்று அறிந்தோ வழிபாட்டிடத்திலோ அடக்கத்தலத்திலோ அத்துமீறுதல் குற்றமாகும். பிரேதத்தை அவமதித்தலும், ஈமச்சடங்குக்குக் கூடியோரைக் குலைத்தலும் இதனுள் அடங்கும். தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கல்லறை நிலத்தை ஏர்பூட்டி உழுதலும் இப்பிரிவின்கீழ் அடங்கும் என்று ஆங்கிலேயர் காலத்திலேயே நீதிமன்றங்கள் தீர்த்துள்ளன. நுழையும் உரிமை உடையவனேயாயினும் உள்ளே சென்று சிதைப்பானேல் தப்ப இயலாது என்பது இதன் பொருள்.

புனிதமெனக் கருதும் பொருளைச் சமய அவமதிப்பு நோக்கோடு சேதப்படுத்தினால் 298ஆம் பிரிவு ஈராண்டு வரை சிறை விதிக்கிறது. பொருட்சேதத்துக்கு 324ஆம் பிரிவு உண்டு. பொதுவான சேதத்துக்கு ஆறு மாதம் வரையும், 20,000 ரூபாய் முதல் ஓர் இலட்சத்துக்குட்பட்ட சேதத்துக்கு ஈராண்டு வரையும், ஓர் இலட்சமும் அதற்கு மேலுமாயின் ஐந்தாண்டு வரையும் சிறைத்தண்டனை அமையும்.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டிய கருத்து ஒன்றுண்டு. 324ஆம் பிரிவு கல்லின் விலையைக் கணக்கிடுகிறது. 301ஆம் பிரிவோ மனத்தின் புண்ணை அளக்கிறது. ஆகவே செல்வரின் பளிங்குக் கல்லறையும், மீசான் கல்லும் இல்லாத ஏழையின் மண்மேடும் 301ஆம் பிரிவின் முன் சமமே.

நூறாண்டு கடந்த அடக்கத்தலங்களும் பழஞ்சின்னம் ஆகலாம் என்று 1958ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் கூறுகிறது. அவ்வாறு அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னத்தை அழிப்போர்க்கு 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஈராண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நாம் கண்ட நிகழ்ச்சிகள்

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனா நோயால் மறைந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவொட்டாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து தாக்கிய கொடுமையை நாடறியும். சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்தது. கண்ணியமான அடக்கம் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கும் என்றும் சுட்டியது. அம்மாதத்திலேயே, அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தோரின் அடக்கத்தைத் தடுப்போர்க்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை விதித்துத் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது.

மலேசியா, சிங்கப்பூர் நாடுகளிலும் இக்குற்றத்துக்கு 297 என்பதே பிரிவு எண். அவற்றின் தண்டனைச் சட்டங்கள் இந்தியச் சட்டத்தின் வழிவந்தவை. இலங்கையிலோ 2009இல் போர் முடிந்தபின் மாவீரர் துயிலுமில்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் அந்நிலத்தின்மீதே எழுந்த படைத் தலைமையகம் 2011இல் திறக்கப்பட்டது. அழிக்கும் கை அதிகாரத்தின் கையாகும்போது தண்டனைப் பிரிவுகள் ஏட்டளவில் நின்றுவிடுகின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

குறையும் கடமையும்

301ஆம் பிரிவின் வலுவே அதன் குறையுமாகும். நோக்கமோ அறிவோ மெய்ப்பிக்கப்படவேண்டும். இருளில் கல்லை உடைத்தவன் குடிமயக்கத்தில் செய்தேன் என்பான். வேலியை நகர்த்தியவன் எல்லை தெரியாது என்பான். ஆகவே முதற்காவல் ஊராரின் கையில்தான் உள்ளது. மையவாடிக்கும் இடுகாட்டுக்கும் நில அளவை வரைபடமும் எல்லைக்கல்லும் இருத்தல் வேண்டும். இஃது அடக்கத்தலம் என்னும் பலகை வாயிலில் இருப்பின் அறியேன் என்னும் மறுப்பு நில்லாது. அடக்கப் பதிவேட்டைப் பேணுதலும் இன்றியமையாதது. அரசுப் புறம்போக்கு மயானத்தை வளைப்போரை அகற்ற 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் துணைசெய்யும்.

சேதம் நேர்ந்தால் எதனையும் மாற்றாமல் படமெடுத்துக் காவல்நிலையத்தில் எழுத்து மூலம் முறையிடுக. இது பிடியாணையின்றிக் கைது செய்தற்குரிய குற்றமாதலின் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்தல் காவலரின் கடமை. மறுப்பாராயின் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்க்கும், அதன்பின் நீதித்துறை நடுவர்க்கும் விண்ணப்பிக்கலாம். பழிக்குப் பழியாக மற்றொரு சமயத்தார் கல்லறையைத் தீண்டுவோர் அதே பிரிவின் குற்றவாளிகளே; அவர்தம் முன்னோர்க்கும் அதனால் இழிவே சேரும்.

பிரம்மதேசம் போன்ற ஊர்களில் எல்லாச் சமயத்தாரும் ஒரே மண்ணில் உறங்குகின்றனர். அண்டை வீட்டாரின் இடுகாட்டைத் தம் முன்னோரின் இடுகாடாக எண்ணிக் காக்கும் உள்ளம் ஊர்தோறும் அமையுமாயின் தண்டனைப் பிரிவுகளுக்கு வேலை இராது. அவ்வுள்ளத்தை வளர்ப்பது கற்றோராகிய நம் பொறுப்பாகும்.